கடல் முள்ளெலிகளைக் கொன்ற ஒற்றைச் செல்: குற்றவாளி சிக்கிய பிறகும் மிஞ்சும் கேள்விகள்

2022 ஜனவரி கடைசியில், கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவின் கரையோரம் நீள்முள் கடல் முள்ளெலிகள் (உருண்டை ஓட்டின்மேல் முட்கள் நிறைந்த கடலடி உயிர்கள்) விநோதமாக நடந்துகொள்வதை முக்குளிப்பவர்கள் கவனித்தார்கள். டயடெமா அன்டிலாரம் என்ற இந்தக் கறுப்பு இனம் பகலெல்லாம் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து இரவில்தான் வெளியே வரும். அவை பட்டப்பகலில் வெட்டவெளியில் கிடந்தன. பாறையைப் பற்றிக்கொள்ளும் குழாய்க்கால்கள் பிடி தளர்ந்திருந்தன. நிழல் பட்டாலே அந்தப் பக்கம் திரும்பிச் சிலிர்க்க வேண்டிய முட்கள் மந்தமாக அசைந்தன. பிறகு முட்கள் உதிர்ந்தன, தோல் உரிந்தது, மீன்கள் வந்து கொத்தின. அறிகுறி தெரிந்து இரண்டே நாளில் பலவற்றில் வெறும் ஓடுதான் மிச்சம். அடுத்த சில மாதங்களில் சாபா, சின்ட் யூஸ்டேசியஸ், ஜமைக்கா, புவேர்ட்டோ ரிக்கோ என்று சாவு பரவியது.

அங்குள்ள மூத்த ஆய்வாளர்களுக்கு இது இரண்டாவது முறை. 1983 ஜனவரியில் பனாமா கால்வாயின் கரீபியன் முனைக்குப் பக்கத்தில் இதே இனம் சாகத் தொடங்கியது. நீரோட்டம் போன வழியில் நோயும் போனது. ஓராண்டு சொச்சத்தில் கரீபியன் முழுக்கவும் பெர்முடா வரைக்கும் எட்டிவிட்டது. எண்ணிப் பார்த்த இடங்களில் எல்லாம் 93 சதவீதத்துக்கும் மேல் இறந்திருந்தன. பனாமாவில் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹரிலாவோஸ் லெசியோஸும் சக ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்தார்கள். அதே பாறைகளில் வாழும் மற்ற முள்ளெலி இனங்கள் தப்பித்தன, இது மட்டும் செத்தது. நீரில் கலந்த நஞ்சு இப்படி ஆள் பார்த்துக் கொல்லாது என்பதால் நோய்க்கிருமிதான் காரணம் என்று எல்லோரும் ஊகித்தார்கள். எந்தக் கிருமி என்பது கடைசிவரை தெரியவில்லை. சிலர் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாவைச் சந்தேகித்தார்கள். அது நிரூபணம் ஆகவில்லை. அதைத் தேடும் கருவியும் அப்போது இல்லை: மரபணுத் துணுக்கைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறிய இன்று எந்த ஆய்வகமும் முதலில் கையில் எடுக்கும் பிசிஆர் முறை, கேரி மல்லிஸ் என்பவரின் மனதில் உதித்ததே அந்த 1983இல்தான்.

முள்ளெலி செத்தால் என்ன என்று கேட்கலாம். ஜமைக்காவைப் பார்த்தால் போதும். அங்கே பல பத்தாண்டுகளாக மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். பாசியைத் தின்னும் மீன்கள் ஏற்கெனவே குறைந்துபோனதால் அந்த வேலை முழுக்க இந்த முள்ளெலியின் தலையில் விழுந்திருந்தது. 1980இல் ஆலன் சூறாவளி பவளப்பாறைகளை நொறுக்கியபோதுகூட, முள்ளெலிகள் பாறையைச் சுத்தமாக வைத்திருந்ததால் புதிய பவளங்கள் வந்து ஒட்டத் தொடங்கின. 1983இல் அந்தக் கடைசிக் காவலும் போனது. ஆடு மாடு மேய்வது நின்றுபோன புறம்போக்கில் கருவேலம் மண்டுவதுபோல் பாறைகள்மேல் பாசி மண்டியது. 1970களின் கடைசியில் பாறைப் பரப்பில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது என்று பவளப்பாறை ஆய்வாளர் டெர்ரி ஹியூஸ் 1994இல் எழுதினார். அதே காலத்தில் பாசியின் பங்கு 4 சதவீதத்திலிருந்து 90ஐத் தாண்டியது. ஆகவே ஜமைக்காவின் பவளத்தைக் கொன்றது கிருமி மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஓர் உயிரினத்தை நம்பி நிற்கும் நிலைக்கு அந்தக் கடலை மனிதர்கள் முன்பே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில் ஏறக்குறைய அதே காலத்தில் நடந்தது நேர் எதிர். அங்கே பச்சை முள்ளெலிகள் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடுகளை மொட்டையடித்து வைத்திருந்தன. 1980களின் தொடக்கத்தில் பாரமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது, கெல்ப் காடு திரும்ப வளர்ந்தது. குளிர்கால நீரில் அந்த அமீபா தாக்குப்பிடிப்பதில்லை. பெரும்புயல்கள் வெதுவெதுப்பான நீரோடு அதைக் கரைக்குக் கொண்டுவருகின்றன என்பது கடல் சூழலியலாளர் ராபர்ட் ஷைப்லிங் முன்வைத்த விளக்கம். முள்ளெலியின் சாவு நல்லதா கெட்டதா என்பதை அது எந்தக் கடலில் சாகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

சரி, 2022க்கு வருவோம். இந்த முறை ஆட்கள் தயாராக இருந்தார்கள். செய்தி வந்ததும் பவளப்பாறைக் கண்காணிப்பாளர்கள் தகவல் பகிரும் வலையமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். நோயுற்ற முள்ளெலி, பக்கத்தில் நலமாகத் தெரிந்த முள்ளெலி, நோயே எட்டாத தீவின் முள்ளெலி என்று மூன்று வகை மாதிரிகள் 23 இடங்களிலிருந்து சேர்ந்தன. இந்த மூன்றாவது வகைதான் முக்கியம். நோயுற்ற உடலில் ஆயிரம் நுண்ணுயிர் இருக்கும். அவற்றில் எது கொன்றது, எது செத்த பிறகு விருந்துக்கு வந்தது என்று பிரித்துப் பார்க்க நோய் அண்டாத உடல் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

ஆய்வை முன்னெடுத்தவர்களில் இருவருமே வைரஸ் ஆட்கள் என்பது சுவாரசியம். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மையா பிரைட்பார்ட், தான் ஆய்வு மாணவியாக இருந்தபோதே, 2002இல், கடல்நீரில் உள்ள வைரஸ்களின் மரபணுத் தொகுதியை மொத்தமாகப் படித்துக் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் இயன் ஹியூசனுக்கு வேறொரு பழைய கணக்கு உண்டு. 2013 முதல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் கரைந்து கூழாகிச் செத்தன. அடுத்த ஆண்டு ஹியூசன் குழு ஒரு டென்சோவைரஸைக் காரணமாகச் சுட்டியது. பிற்பாடு நலமான நட்சத்திர மீன்களிலும் அந்த வகை வைரஸ்கள் தென்பட்டதால் அந்த விளக்கம் நிற்கவில்லை, அவரே அதிலிருந்து விலகினார். நட்சத்திர மீன் வழக்கில் உறுதியான விடை 2025 ஆகஸ்டில்தான் வந்தது: விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா. பன்னிரண்டு ஆண்டு இழுத்த வழக்கு அது.

அந்த அனுபவம் முள்ளெலி ஆய்வில் தெரிகிறது. இதிலும் முதலில் வைரஸைத்தான் தேடினார்கள். பொருந்தி வரும் வைரஸ் எதுவும் இல்லை. அதோடு விட்டுவிடாமல், நோயுற்ற திசுவில் இயங்கிக்கொண்டிருந்த எல்லா ஆர்என்ஏவையும் (மரபணுக்கள் இயங்கும்போது உருவாகும் நகல்கள்) எழுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தபோது சிலியேட் ஒன்றின் தடயம் திரும்பத் திரும்ப வந்தது. நோயுற்றவற்றில் இருந்தது, நோய் எட்டாத இடத்து முள்ளெலிகளில் இல்லை. திசுவைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது சிலியேட்டுகள் உடலுக்குள்ளேயே புகுந்திருந்தது தெரிந்தது.

பள்ளியில் பாரமீசியம் படம் வரைந்தவர்களுக்கு சிலியேட் புதிதல்ல. உடல் முழுக்க மயிர்போன்ற இழைகளை அசைத்து நீந்தும் ஒற்றைச் செல் உயிர் அது. இங்கே சிக்கியது ஸ்கூட்டிகோசிலியேட் என்ற பிரிவைச் சேர்ந்த ஃபிலாஸ்டர் வகை. இந்தப் பிரிவில் பெரும்பாலானவை கடலில் பாக்டீரியாவைத் தின்று சாதுவாகக் காலம் தள்ளுபவை. சில மட்டும் வாய்ப்புக் கிடைத்தால் உயிருள்ள திசுவுக்கு மாறிவிடும். ஜப்பானிலும் கொரியாவிலும் பண்ணையில் வளர்க்கும் தட்டைமீன்களை மியாமியென்சிஸ் அவிடஸ் என்ற உறவுக்காரன் கொல்வது தெரிந்த கதை. 2017இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் சிறுத்தைச் சுறாக்களின் மூளைக்குள் புகுந்து கொன்றதும் அதேதான். ஆனால் முள்ளெலிக் கூட்டத்தையே துடைத்தெடுக்கும் சிலியேட் என்று ஒன்று அதுவரை யார் கணக்கிலும் இல்லை.

சாவு தொடங்கி நான்கு மாதத்துக்குள் சந்தேகம் இந்த உயிரின்மேல் குவிந்துவிட்டது. சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசநோய்க் காலத்தில் வகுத்த நிபந்தனைகள் இன்றும் அளவுகோல்: கிருமி நோயாளியின் உடலில் இருக்க வேண்டும், அதைத் தனியே எடுத்து வளர்க்க வேண்டும், வளர்த்ததை நலமான உடலுக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும், அந்த உடலிலிருந்து அதே கிருமியைத் திரும்ப எடுக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும். கடல் நுண்ணுயிரிகளில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகக் குடுவையில் வளரவே வளராது என்பதால் இரண்டாவது படியிலேயே பல கடல் நோய் ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. இந்தச் சிலியேட் வளர்ந்தது. அது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம்.

அடுத்த சிக்கல், நலமான முள்ளெலிக்கு எங்கே போவது? கடலிலிருந்து எடுத்தால் ஏற்கெனவே நோய் தொற்றியிருக்கலாம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோஷ் பேட்டர்சன் குழு, பவளப்பாறை மீட்புக்காக இந்த முள்ளெலியைத் தொட்டிகளில் முட்டையிலிருந்தே வளர்த்து வந்தது. பிறந்ததிலிருந்து வெளிக்கடல் காணாத முள்ளெலிகள் அவை. அவற்றின் தொட்டியில் சிலியேட் வளர்ப்பைச் சேர்த்தபோது 60 சதவீதம் சில நாட்களில் இறந்தன. குழாய்க்கால் தளர்வது, முள் உதிர்வது என்று கடலில் கண்ட அதே வரிசை. வளர்ப்பு சேர்க்காத தொட்டிகளில் இருந்தவை நலமாகவே இருந்தன. இறந்தவற்றிலிருந்து அதே சிலியேட்டைத் திரும்பப் பிரித்தெடுத்தார்கள். 2023 ஏப்ரலில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் முடிவு வெளியானது. கடல் உயிர்களின் நோய்களில் இவ்வளவு வேகமும் இவ்வளவு உறுதியும் சேர்ந்து வருவது அபூர்வம்.

செய்தித்தாள்கள் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டன. ஆய்வு மாணவர்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது, எனக்கு அதுதான் இந்தக் கதையின் சத்தான பகுதியாகப் படுகிறது. ஹியூசனின் ஆய்வகத்தில் ஒரு மாணவர் செய்த முதல் காரியம், இந்தச் சிலியேட்டை மட்டும் பிடிக்கும் பிசிஆர் சோதனையை வடிவமைத்து அதன் நம்பகத்தை உறுதிசெய்தது. கேட்டால் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. ஆனால் ஸ்கூட்டிகோசிலியேட்டுகள் கடலில் எங்கும் உண்டு. நுண்ணோக்கியில் ஒன்றுக்கொன்று அசப்பில் ஒரே மாதிரி இருக்கும். செத்த முள்ளெலியைத் தின்ன வந்த சாதுவையும் கொலைகாரனையும் பிரித்துச் சொல்லும் சோதனை கையில் இல்லாவிட்டால், அடுத்து எந்தக் கடலில் சாவு நடந்தாலும் ஊகம்தான் மிஞ்சும்.

அடுத்த சாவுகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. டயடெமா செட்டோசம் என்ற இந்தியப் பெருங்கடல் இனம் மத்தியதரைக் கடலுக்குள் அயலாக நுழைந்து, 2006இல் துருக்கியின் காஷ் கரையில் முதலில் பதிவானது. 2022 கோடையில் கிரேக்கத்தின் காஸ்டெல்லோரிசோ தீவருகே அது கூண்டோடு சாகத் தொடங்கியது. வேண்டாத விருந்தாளி என்பதால் அதற்காக யாரும் பெரிதாக வருந்தவில்லை. அடுத்த குளிர்காலத்தில் சாவு அந்த இனத்தின் சொந்த ஊரான செங்கடலுக்கு வந்தபோது கதை மாறியது. அகபா வளைகுடாவில் செட்டோசமும், எகினோத்ரிக்ஸ் கலமாரிஸ் என்ற இன்னோர் இனமும் ஆய்வு நடந்த இடங்களில் ஏறக்குறைய காணாமலே போயின என்று டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஓம்ரி பிரோன்ஸ்டைன் குழு அறிவித்தது. 2023இல் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரியூனியன் தீவு.

இந்த இடங்களிலிருந்து வந்த மாதிரிகளைப் பிரைட்பார்ட் ஆய்வகத்தின் ஆய்வு மாணவி ஒருவர் கரீபியன் சிலியேட்டோடு ஒப்பிட்டார். கிரேக்கம், ஜோர்டான், ஓமன், ரியூனியன் என்று எல்லாவற்றிலும் அதே கிளையைச் சேர்ந்த சிலியேட் இருந்தது. ஒப்பிட்ட மரபணுப் பகுதிகள் மிக நெருக்கமாகப் பொருந்தின. 2024இல் ஐஎஸ்எம்இ ஜர்னல் என்ற நுண்ணுயிர்ச் சூழலியல் இதழில் அவரை முதல் ஆசிரியராகக் கொண்டு கட்டுரை வந்தது. ஒரு தீவின் துறைமுகத்தில் தொடங்கியதாக நினைத்த சாவு, இரண்டு பெருங்கடல்களில் பரவிய ஒரே கொள்ளைநோய் என்ற சித்திரம் அதிலிருந்துதான் உருவானது. செயின்ட் தாமஸில் எடுத்த மாதிரியைவிட ஓமனில் எடுத்த மாதிரி நம் பக்கம் அதிகம் தொடர்புடையது. டயடெமா செட்டோசம் மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையோரத்திலும் வாழும் இனம்.

எப்படிப் பரவியது? கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றி இறக்கும் கடல்நீரில் என்பது பலரும் சொல்லும் விடை. 2022இல் முதல் சாவுகள் துறைமுகங்களை ஒட்டிய இடங்களில் தென்பட்டதும், நீரோட்டத்தால் தாண்டவே முடியாத தூரங்களை நோய் தாண்டியதும் அந்தப் பக்கம் சாய்கின்றன. என்னைக் கேட்டால் இது நல்ல ஊகம், அவ்வளவுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் முக்குளிப்பவர்களும் அதிகம். பார்க்கக் கண்கள் இருக்கும் இடத்தில் சாவு முதலில் தெரிவது இயல்பு. கடல் சூடாவதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு. செங்கடலில் சாவு குளிர்காலத்தில் வந்தது என்பதை அவர்கள் விளக்க வேண்டும்.

1983இன் கொலையாளியும் இதேதானா என்பதும் அப்படித்தான். அறிகுறிகள் ஒத்துப்போகின்றன, இலக்காகிய இனமும் ஒன்றுதான். ஆனால் காக்கின் அளவுகோலை நாற்பது ஆண்டுகளுக்கு முன் செத்த முள்ளெலிமேல் வைத்துப் பார்க்க முடியாது.

அப்புறம் அந்தக் குடுவைக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சிலியேட்டுக்குச் சாப்பாடு பாக்டீரியா. குடுவையில் அதை உயிரோடு வைத்திருப்பவர் பாக்டீரியாவையும் சேர்த்தே வளர்க்கிறார். எனவே தொட்டியில் ஊற்றப்படுவது தனி ஒருவன் அல்ல, ஒரு கூட்டம். நோயுற்ற முள்ளெலியின் தோலில் வாழும் பாக்டீரியாக் கூட்டமும் மாறிப்போகிறது. தோலைச் சிலியேட் கிழிக்க, வழி திறந்த இடத்தில் பாக்டீரியா புகுகிறதா? அல்லது பாக்டீரியா பெருகிய உடலைத் தேடி அதைத் தின்னும் சிலியேட் வந்து, பிறகு திசுவையும் ருசி பார்க்கிறதா? குற்றவாளியின் பெயர் தெரிந்துவிட்டதால் இதை அற்பமாக நினைக்கக்கூடாது. சாதுவாக இருக்கும் சிலியேட் எந்தத் தருணத்தில் ஒட்டுண்ணியாக மாறுகிறது என்பது தெரிந்தால்தான் அடுத்த சாவை முன்கூட்டிச் சொல்ல முடியும். பவளத்தின் மேலும், பாறைகளில் படர்ந்த குட்டைப்பாசியிலும் இந்தச் சிலியேட்டின் தடயம் பிசிஆர் சோதனையில் கிடைத்திருக்கிறது. சாவு ஓய்ந்த பிறகும் கொலையாளி ஊரை விட்டுப் போகவில்லை என்றுதான் இதற்குப் பொருள். சாகடிக்க ஆள் இல்லாதபோது பாக்டீரியாவைத் தின்று அது காலம் தள்ளலாம்.

மீட்பு வேலை செய்பவர்களை இடிக்கும் இடம் இதுதான். 1983க்குப் பிறகு மூன்று பத்தாண்டுகள் கழிந்தும் கரீபியன் முள்ளெலிகள் பழைய அடர்த்தியில் சராசரியாக 12 சதவீதத்தைத்தான் எட்டியிருந்தன என்று லெசியோஸ் கணக்கிட்டார். இந்த இனம் முட்டையையும் விந்தையும் நீரில் விடுகிறது. ஆணும் பெண்ணும் பக்கத்தில் இல்லாவிட்டால் அவை சந்திப்பதில்லை. கூட்டம் ஒரு அளவுக்குக் கீழே மெலிந்தால் தானாகப் பெருகுவது கடினம். அதனால்தான் தொட்டியில் வளர்த்துக் கடலில் விடும் முயற்சியே தொடங்கியது. ஆனால் கிருமியையே கண்டிராத தொட்டிக் குஞ்சுகளை, கிருமி பாசியில் குடியிருக்கும் பாறையில் கொண்டுபோய் விடுவதில் உள்ள ஆபத்தை அந்தச் சோதனையே காட்டிவிட்டது. கடலில் மருந்து தெளிக்க முடியாது, முள்ளெலிக்குத் தடுப்பூசி போடவும் முடியாது.

மிச்சம் 40 சதவீதம் பிழைத்துக்கொண்டது என்பதைப் பிடித்துக்கொண்டு சிலர் நம்பிக்கை வைக்கிறார்கள். பிழைத்தவற்றுக்கு ஏதோ எதிர்ப்புச் சக்தி இருக்கலாம், அதைப் பெற்றோராக வைத்து அடுத்த தலைமுறையை வளர்க்கலாம் என்பது யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய முள்ளெலிகள். பிழைத்தது மரபினாலா, அன்றைக்குக் குறைவான சிலியேட் ஒட்டியதாலா என்று அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் பிரித்தறிய முடியாது. நூற்றுக்கணக்கில் வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். அத்தனை முள்ளெலிகளை வளர்க்க, ஒரு மாதத்துக்கும் மேல் நீரில் மிதந்து திரியும் அவற்றின் நுண்ணிய இளம்பருவத்தைத் தொட்டிகளில் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். பேட்டர்சன் குழு போன்றவர்கள் சிலியேட் பிரச்சினை வருவதற்கு முன்பிருந்தே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அதோடுதான்.